கிளிப்பச்சைச் சேலையில் பேச்சியம்மாள் அத்தை

1

போன வியாழக்கிழமை எங்கள் பேச்சியம்மாள் அத்தைக்குத் தலைத்திவசம் முடிந்தது. திலக் நகரில் இரண்டாவது மாடியில் உள்ள எங்கள் ஒன்றரை அறை வீட்டில்தான் நடந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் முறைப்படி செய்தோம். காக்கைக்குச் சோறு வைத்தோம். பம்பாய்க் காக்கை நாம் கூப்பிடும் முன்பே வந்து உட்கார்ந்து, ஏன் இன்னும் இலை போடவில்லை என்கிற மாதிரி பார்க்கும். அதெல்லாம் குறைவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தோம். செத்தவர்கள் வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஊரிலிருந்து நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. திவசம் ஒழுங்காக நடந்ததா, பம்பாயில் ஐயர் கிடைத்தாரா, வாழை இலை கிடைத்ததா என்று விசாரித்திருக்கிறீர்கள். எல்லாம் கிடைத்தது. பதினைந்து வருஷமாக இங்கே குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைம் கீப்பராக இருக்கிறேன். பிறருடைய வரவையும் போக்கையும் நிமிஷம் தவறாமல் குறிப்பது என் வேலை. என் வீட்டிலிருந்தே ஒருத்தி இரண்டு வருஷமாகப் போனதும் வந்ததும் எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2

அத்தை என் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் புருஷனை இழந்தவள். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. பிள்ளை கிடையாது. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முந்தின நாளே போய்ப் பின்கட்டில் தேங்காய் துருவுவாள். தாலி கட்டுகிற நேரம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளை யாரும் போகச் சொல்வதில்லை. அவளுக்கே தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் பம்பாய்க்குக் கூட்டி வந்தேன். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. இந்த ஊர் அவளை என்ன பாடு படுத்துமோ என்று என் மனைவி பாக்கியம் பயந்தாள். வந்து மூன்றாம் நாள் அத்தை தனியாகக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏல சுப்பையா, இந்த ஊர்ல என்னையப் பாத்து ஒருத்தனும் திரும்பிப் போகலல!"

"என்ன சொல்லுதிய அத்தை?"

"நம்மூர்ல நான் எதுத்தாப்புல வந்தா செருப்பக் கழத்திட்டுத் திண்ணயில உக்காந்து தண்ணி குடிச்சிட்டுல்லா போவானுவ. இங்க எவம்லே நிக்கான்? இடிச்சுத் தள்ளிட்டுல்லா போறான்!"

தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள். இடித்த இடம் வலித்திருக்கும். ஆனால் யாரோ மாலை போட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. இரட்டை மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன் சீட்டு காலியாக இல்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். டிராமை நிறுத்தின வருஷம் மூன்று நாள் துக்கம் காத்தாள். காய்கறிக்காரன் "சார் ஆனா, சார் ஆனா" என்று கூவுவதைக் கேட்டு, "பாத்தியா, மரியாதை தெரிஞ்சவன். காய் விக்கவன் என்னையப் பாத்து சார்ங்கான்" என்று பாக்கியத்திடம் பெருமையடித்தாள். இந்தியில் 'சார்' என்றால் நாலு, அவன் நாலணா என்கிறான் என்று எங்கள் மகள் வள்ளிதான் விளக்கினாள். அத்தை அசரவில்லை. "இருந்துட்டுப் போட்டும். வாய் சார்னுதான சொல்லுது" என்றாள்.

வள்ளிக்கு இப்போது பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். இந்தியில் கனவு காண்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். எனக்கு அத்தை என்றால் அவளுக்கு வேறு முறை. ஆனால் அவளும் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். அத்தை திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அத்தை மாட்டுங்காவில் கோயிலுக்குப் போவாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பஜனை, அன்னதானம் என்பாள். நெற்றியிலும் கன்னத்திலும் லேசாக மாவு போல் ஏதோ ஒட்டியிருக்கும். "விபூதி" என்பாள். கன்னத்தில் எப்படி விபூதி வந்தது என்று டைம் கீப்பருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

3

போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு காலை, டீ குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். அவளுக்கு வயது அறுபத்தேழு.

அன்று அழுத அழுகையை எழுதப் போவதில்லை. பதினாறாம் நாள் நெருங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மாலை போட ஒரு படம் இல்லை. அத்தையை யாருமே போட்டோ எடுத்ததில்லை. ஊரில் கல்யாணப் போட்டோக்களில் அவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். இங்கே நான் மூன்று தடவை, "அத்தை, மாட்டுங்காவுல ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுப்போம்" என்று சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் ஓவர்டைம் வந்துவிட்டது. பாக்கியம் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். ரேஷன் கார்டில் பெயர் இருந்தது, முகம் இல்லை. விளக்கை வெறும் சுவருக்கு முன்னால் ஏற்றினோம்.

4

ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்றால் இறப்புச் சான்று வேண்டும். டாக்டர் சீட்டு மழையில் நனைந்து மை கரைந்து போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓர் ஆபீஸுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா. இந்தப் பக்கம் நானும் எனக்குப் பின்னால் முப்பது பேரும்.

"நாம்?" என்று பெயர் கேட்டார்.

"பேச்சியம்மாள்."

"க்யா?"

"பேச்சி. பேச்சி. அம்மாள்."

"பேசிஷ்?"

மரியாதைக்குச் சேர்க்கிற ஏதோ ஒட்டு என்று நினைத்துக்கொண்டேன், 'ஜி' என்பதைப் போல. "ஹாங் ஹாங்" என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் பாவமாக என்னைப் பார்த்து, எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சுகாதார ஆட்கள் வந்தார்கள். கையில் பிளீச்சிங் பவுடர் டின். தண்ணீர்ப் பானையைத் திறந்து மோந்து பார்த்தார்கள். குழாயடிக்குப் போய்ப் பவுடரைக் கொட்டினார்கள். எங்கள் மாடியில் எத்தனை பேருக்கு வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வள்ளி அந்தச் சான்றை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, பேசிஷ்னா இந்தில சீதபேதி. நீ ஹாங்னு சொன்னியா?"

பெயர் என்ற இடத்தில் 'அம்மாள்' என்று மட்டும் இருந்தது. காரணம் என்ற இடத்தில் எங்கள் குலதெய்வம் பேச்சியின் பெயர் சீதபேதியாகி உட்கார்ந்திருந்தது.

இதற்குள் பக்கத்து வீட்டு சாந்தாபாய் வெளியே வந்துவிட்டாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஐம்பது வயது இருக்கும், தனியாக இருப்பவள், ஏதோ கம்பெனியில் வேலை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுகாதார ஆட்களைப் பிடித்துக்கொண்டாள். மராத்தியில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

"பேதியா? அவளுக்கா? சாவதற்கு ஒரு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஷூட்டிங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு பூரி தின்றவள்! தின்றுவிட்டு மாலை வரைக்கும் நின்று கை தட்டினவள்! அவளுக்கா பேதி?"

சுகாதார ஆட்கள் டின்னை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான் சாந்தாபாயைப் பார்த்தேன். பாக்கியம் என்னைப் பார்த்தாள். எந்த ஷூட்டிங் சித்தி என்று வள்ளி இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

"கோன்ஸா ஷூட்டிங், மௌசி?"

சாந்தாபாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

5

செம்பூரில் சினிமா ஸ்டூடியோ இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாந்தாபாயின் 'கம்பெனி' அதுதான். கல்யாணக் காட்சி, கோர்ட்டுக் காட்சி, சந்தைக் காட்சி என்று கூட்டம் தேவைப்படும்போது போய் நிற்கிறவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு நாள் ஆள் குறைந்தபோது பேச்சுத் துணைக்கு அத்தையைக் கூட்டிப் போயிருக்கிறாள். இருவருக்கும் பொது பாஷை கிடையாது. அது அவர்கள் பேச்சைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருஷம். மாட்டுங்காக் கோயில் செம்பூரிலேயே இருந்திருக்கிறது. விபூதி, முகப்பவுடர்.

பாக்கியம் முதலில் சிரித்தாள். அத்தை போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம். சாந்தாபாயிடம் அதையே கேட்டேன். அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

 

பிறகு ஒன்று சொன்னாள். முதல் நாள் ஒரு கல்யாணக் காட்சி. எல்லாப் பெண்களுக்கும் பெட்டியிலிருந்து பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது கிளிப்பச்சை. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். மேக்கப்காரர் குங்குமக் குச்சியோடு வந்தபோது அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தமிழில் சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியாது. வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

"கண்ணாடியையே பாத்துட்டு இருந்தா," என்றாள் சாந்தாபாய். "அழப்போறான்னு நெனச்சேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? எழுந்து போயி அந்த ஆளோட தோளத் தட்டி, இன்னும் கொஞ்சம் பெருசா வைன்னு கையால காட்டினா!"

6

ஏழெட்டுப் படத்தில் நின்றிருக்கிறாள். பெரும்பாலும் கூட்டத்தில் தெரியாமல் போய்விட்டது, அல்லது முதுகு. ஒரே ஒரு கலர் படத்தில், கல்யாணப் பாட்டில், கதாநாயகிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்களாம். அது தீபாவளிக்கு வரும் என்றாள் சாந்தாபாய். அந்தத் தீபாவளிக்கு நாங்கள் காத்திருந்த மாதிரி சின்ன வயதில்கூடக் காத்திருந்ததில்லை.

தாதரில் ஒரு தியேட்டர். நான், பாக்கியம், வள்ளி, சாந்தாபாய். இரண்டு மணி நேரம் கதாநாயகனையோ கதாநாயகியையோ நாங்கள் பார்க்கவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் யார் யார் என்று பார்த்தோம். கிழவி ஒருத்தி தெருவைக் கடந்தால்கூட பாக்கியம் என் கையைக் கிள்ளினாள். கடைசியில் மேளம் கொட்டிக் கல்யாணப் பாட்டு வந்தது. கதாநாயகிக்கு மஞ்சள் பூசுகிறார்கள். சுற்றிலும் பெண்கள் கை தட்டுகிறார்கள். எல்லாரும் தாளத்தோடு தட்ட, ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் தாளத்துக்கு அரை அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அத்தே!" என்று வள்ளி எழுந்து நின்றுவிட்டாள்.

அத்தையேதான். கிளிப்பச்சைப் பட்டு. தலை நிறையப் பூ. ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு. மூன்று தடவை வந்தாள். முதல் தடவை கை தட்டினாள். இரண்டாம் தடவை கதாநாயகியின் முழங்கைக்கு அடியில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை முழு முகம், நேராக எங்களைப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் இல்லை, உதடு மட்டும்தான். நான் என் அத்தையை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. அழகாக இருப்பாள் என்று நினைத்ததும் இல்லை.

"பைட்டோ நா!" என்று பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லிக் கத்தினார். நான் திரும்பி, "யோவ், அது எங்க அத்தைய்யா!" என்று தமிழிலேயே கத்தினேன். பாக்கியம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அத்தை என்ன சொன்னாள் என்று வீடு வரைக்கும் சண்டை. 'நல்லா இருங்க' என்றாள் என்பது பாக்கியத்தின் கட்சி. 'சுப்பையா' என்றாள் என்பது என் கட்சி. இந்திப் பாட்டைத்தான் பாடினாள் என்றாள் வள்ளி. சாந்தாபாய் அந்தக் காட்சியில் பின்வரிசையில் நின்றதால் அவளுக்குத் தெரியவில்லை.

மறு ஞாயிறு மறுபடி போனோம். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் நம் பக்கத்து மைதீன் அண்ணனிடம் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் ஒரு டெம்போ நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். அத்தை கையால் மீன் குழம்பு சாப்பிட்டவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். இரண்டு வரிசை முழுக்கத் திருநெல்வேலி. கல்யாணப் பாட்டு வந்ததும் இரண்டு வரிசையும் எழுந்து நின்று, தாளத்துக்கு அரை அடி முன்னால் கை தட்டியது. கதாநாயகன் வந்தபோதுகூடத் தியேட்டரில் அவ்வளவு விசில் இல்லை.

அந்த ஒரு துண்டு பிலிம் கிடைத்தால் படமாக்கி மாட்டலாம் என்று மேலே மெஷின் ரூமுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். பிலிமில் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்று மெஷின் ஓட்டுகிறவர் கும்பிட்டார். ஆக, அத்தையைப் பார்க்க வேண்டும் என்றால் டிக்கெட் எடுப்பதைத் தவிர வழியில்லை. படம் தியேட்டர் மாற மாற நாங்களும் பின்னாலேயே போனோம்.

7

ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சித்தப்பா என்றால் அத்தையின் கூடப் பிறந்த தம்பி. முப்பது வருஷம் பஞ்சாலையில் தறி ஓட்டி, அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போனவர். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். முறை தவறினால் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாப்பிள்ளை காய்ச்சலில் போனபோது, இருபத்து நாலு வயது மகள் கோமதிக்கு வெள்ளைச் சேலையை அவரே கடையில் வாங்கி வந்தார். அப்படிப்பட்டவரிடம், உங்கள் அக்கா பொட்டு வைத்துப் பூ வைத்து நின்றாள் என்று எப்படிச் சொல்வது?

நான் சொல்லவில்லை. வள்ளி சொல்லிவிட்டாள். தமிழ் பழகட்டும் என்று சித்தப்பாவுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவாள் என்று நினைத்தேன். அவளே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டபோது ஒப்பித்தாள். எழுதிப் பார்த்த தாளையும் காட்டினாள். அது இதுதான்:

'அத்தை சினிமாவிள் பச்சை சேளை கட்டி பெரிய போட்டு வைத்து தலை நிரைய பூ. ரொம்ப அலகு. நாங்கள் ஏலு தடவை பார்த்தோம்.'

பிழை திருத்தவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை. சித்தப்பாவின் பதில் ஒரே வரி. 'திவசத்துக்கு வருகிறேன், நேரில் பேசிக்கொள்வோம்.'

திவசத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். தாதர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும் முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது. காது கேளாதவர் அல்லவா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் கத்துவார்.

"ஏல சுப்பையா! எங்க அக்காவுக்குப் பொட்டு வச்சவன் எவம்லே?"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் கோமதி, கையில் துணிப்பை, தலை குனிந்திருந்தாள்.

"வாங்க சித்தப்பா. வா கோமதி. வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"என்னத்தப் பேச? மானம் போச்சுல!"

பாக்கியம் அவர் முன்னால் போய் நின்றாள். உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மாமா, ஒரு தடவை பாத்துட்டு அப்பறம் ஏசுங்க."

சித்தப்பா அவள் உதட்டைப் படித்தார். "பாக்கத்தான வந்திருக்கேன்" என்றார்.

8

படம் அப்போது பாண்டுப் என்கிற புறநகர்ப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மழை. கூரைமேல் விழுந்த சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் கத்தினார்கள், சீட்டைத் தட்டினார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கல்யாணப் பாட்டு வந்தது. அத்தை முதல் தடவை வந்தாள். சித்தப்பா அசையவில்லை. இரண்டாம் தடவை முழங்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அவருடைய கட்டின கை அவிழ்ந்தது. மூன்றாம் தடவை முழு முகம். உதடு அசைந்தது.

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். தகரக் கூரை மழையையும் தாண்டி ஒரு சிரிப்பு. முன்வரிசைக்காரர்கள் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் தோளைத் திருப்பி என் உதட்டைக் காட்டிக் கேட்டேன்.

"என்ன சித்தப்பா? என்ன சொல்லுதாவ?"

"'எத்தனை தடவதாம்லே தட்ட? கை வலிக்கி, சோறு எப்பம்லே போடுவிய?'ங்கா!"

பாக்கியம் சீட்டிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வள்ளி இந்தியில் சொல்ல, சாந்தாபாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசீர்வாதமா, என் பெயரா, பாட்டா என்று எட்டு மாதமாக நாங்கள் சண்டை போட்டது இதற்குத்தான். கோமதியும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் முகம் அசைந்தது அப்போதுதான்.

"இன்னொரு டிக்கெட் எடுல," என்றார் சித்தப்பா, படம் முடிந்ததும். அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேயே உட்கார்ந்தோம்.

திரும்பும்போது ரயிலில் அவர் என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அத்தான் செத்த பதினாறாம் நாளு, அவ பொட்ட அழிக்கணும்னு கெணத்துல தண்ணி கோரியாரச் சொன்னாவ. நான்தாம்ல கோரிக் குடுத்தேன். எனக்குப் பத்து வயசு. எதுக்குன்னு தெரியாது. செம்பு நெறையக் கோரிக் குடுத்தேன்."

பெட்டியில் இருந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒருவர் எழுந்து அவருக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தார்.

9

வியாழக்கிழமை திவசம். சித்தப்பா அக்காவைத் திட்டவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில், "கை வலிக்கி, சோறு எப்பம்லே போடுவிய?" என்று உரக்கக் கேட்டார். மறுபடி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டில் இலை போட்டிருந்த ஐயர் பயந்துபோனார்.

சனிக்கிழமை காலை சாந்தாபாய் வந்து வாசலில் நின்றாள். திங்கட்கிழமை ஒரு கல்யாணக் காட்சி, பெண்கள் குறைகிறது என்று பாக்கியத்திடம் சொன்னாள். சொல்லும்போது கண் பாக்கியத்தின் மேல் இல்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோமதிமேல் இருந்தது.

கோமதி நிமிரவில்லை. வெங்காயத்திடம் கேட்பது போல் பாக்கியத்திடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் போயிட்டு வரட்டா, மைனி?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் பயந்துகொண்டே சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் மகளின் உதட்டைப் படித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. 

"என்ன சீனாம்?" என்றார்.

"கல்யாண சீனாம் மாமா," என்றாள் பாக்கியம்.

"சோறு நேரத்துக்குப் போடுவாவளா, கேளு."

வள்ளி கேட்டாள். போடுவார்கள் என்று சாந்தாபாய் தன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் கோமதி அதே வெள்ளைச் சேலையில் சாந்தாபாயோடு இறங்கிப் போனாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். சித்தப்பா நாள் முழுக்கப் பால்கனியில் நின்றார். தெருவில் எந்தப் பஸ் நின்றாலும் எட்டிப் பார்த்தார். நாலு மணிக்குத் தன் முடிவு தப்போ என்று என்னிடம் கேட்டார். நாலரைக்கு மறுபடி கேட்டார். ஐந்தரைக்குக் கோமதி படியேறி வந்தாள்.

சேலை வெள்ளைதான். அங்கே கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் நெற்றியில் பொட்டு இருந்தது. வேர்வையில் லேசாகக் கலைந்து, ஒரு பக்கம் சரிந்திருந்தது. மறந்து வந்தாளா, அழிக்காமல் வந்தாளா என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே கால் வைக்காமல் அப்பாவையே பார்த்தாள்.

சித்தப்பா எழுந்து கிட்டப் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"கோணலா இருக்கு," என்றார். "பாக்கியம், கண்ணாடிய எடுத்துக் குடு. நேரா வச்சுக்கிடட்டும்."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். மூன்று மாடிக்கும் கேட்டது.

நேற்று தாதரில் அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இது உங்கள் கைக்குக் கிடைக்கும்போது அவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். பாக்கியத்தின் நீலப் பூப்போட்ட சேலைதான் கோமதி உடுத்தியிருப்பது. கேட்க வேண்டும் என்று தோன்றினால் சித்தப்பாவிடமே கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசினால் அவருக்குக் கேட்காது. முகத்துக்கு நேராக நின்று பேசுங்கள்.